தீயுற வாடை வருதா?

1

இந்தக் கதை என்னுடையது இல்லை, அக்காவுடையது. திருடவில்லை, கேட்டுத்தான் வாங்கினேன். சோப்புத் தொழிற்சாலையில் முகர்ந்து பார்ப்பது அவள் வேலை. ஒவ்வொரு முறை காய்ச்சி ஊற்றும்போதும் ஒரு துண்டு அவள் மேசைக்கு வரும். 'போகட்டும்' என்றால் போகும், 'வேண்டாம்' என்றால் நிற்கும். அந்த மூக்கைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதிக்கோ. ஆனா என்னைப் பாவமா காட்டினே, உன் மூக்கை அறுத்துடுவேன்."

'மனித மூளை ஒரு விந்தையான' என்று தொடங்கி அங்கேயே நிறுத்திவிட்டேன். மருத்துவமனைச் சுவரில் ஒட்டும் தாளுக்குத்தான் அது பொருந்தும். அடுத்து, 'அவள் மூக்கின் நுனியில் விதி'. இதையும் அடித்துவிட்டேன், எனக்கே வெட்கமாக இருந்தது. நேராகவே சொல்கிறேன்.

2

அக்காவுக்குக் கல்லூரி நாளிலிருந்து வலிப்பு. அது வருவதற்கு முன்னால் ரப்பர் தீயும் வாடை வரும். அவளுக்கு மட்டும்தான் வரும். (மூளையில் வாசனையை அறிகிற இடத்தை ஒட்டித்தான் அவளுக்கு வலிப்பும் கிளம்புகிறது என்றார் மருத்துவர். சம்பளம் வாங்கித் தந்த இடமும் கீழே தள்ளிய இடமும் பங்காளிகள். அக்காவுக்கு இந்த உவமை பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, இருக்கட்டும்.)

ஆகவே அவள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. "தீயுற வாடை வருதா?" என்று அக்கா கேட்டால் யாரும் அடுப்படிக்கு ஓடக் கூடாது, அவளிடம் ஓட வேண்டும். நாற்காலிகளைத் தள்ளி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டும். அக்காவின் கணவர், என் அத்தான், இதில் கைதேர்ந்தவர். ஒருமுறை வங்கி வரிசையில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி இதே கேள்வியைக் கேட்டுவைக்க, இவர் அந்தம்மாவைத் தரையில் சாய்த்துத் தன் பையைத் தலைக்குக் கொடுத்துவிட்டார். விளக்கம் சொல்லி வெளியே வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

3

அறுவை சிகிச்சையில் அந்த இடத்திலிருந்து கொஞ்சம் எடுத்தார்கள். வலிப்பு நின்றது. மூக்கு குழம்பியது.

"வாசனை வருது. எதுன்னுதான் சொல்ல முடியல. தெரியாதவங்க வீட்டு விசேஷத்துக்குப் போன மாதிரி இருக்கு. எல்லாரும் வந்து சிரிக்கிறாங்க, ஒருத்தரும் யாருன்னு தெரியல."

தொழிற்சாலையில் அவளை அட்டைப்பெட்டி மடிக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். மாலையில் அவள் கண்ணை மூடிக்கொள்ள, அத்தான் எலுமிச்சை, காப்பித்தூள், மண்ணெண்ணெய் என்று ஒவ்வொன்றாக நீட்டுவார். தப்பாகச் சொன்னாலும் "சரி" என்பார். அது பொய் என்று அவளுக்கும் தெரியும்.

(இந்த அத்தான்மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு நல்லவரை வாசகர் நம்புவாரா? அக்காவிடமே கேட்டேன். "குறட்டையையும் சேர்த்து எழுது, நம்புவாங்க.")

சோப்பு போனால் போகட்டும். அவளுக்கு மிஞ்சியிருந்தது ஒரே பயம்தான். இனி தீயும் வாடை வந்தால், தீய்வது வீட்டிலா, தலைக்குள்ளா?

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அத்தானுக்குச் சளி, மூக்கு முழுக்க அடைப்பு. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, தீயுற வாடை வருதா?"

போட்டது போட்டபடி ஓடினார். நாற்காலி உருண்டது.

"படு, படு. ஒண்ணுமில்ல, நான் இருக்கேன்."

"எனக்கு ஒண்ணுமில்லங்க. நிஜமாவே வருது."

"எப்பவும் இப்படித்தானே சொல்லுவ!"

அவளைத் தரையில் சாய்த்தார். அவர் மடியில் தலையை வைத்தபடியே அக்கா அவர் முதுகுக்குப் பின்னால் விரலை நீட்டினாள். கதவு வழியாகப் புகை வந்துகொண்டிருந்தது. சட்டையில் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு ஓட்டை.

கதையின் முதல் வரைவை இங்கேதான் முடித்திருந்தேன். மூக்கு மீண்டது, அத்தான் அழுதார், சுபம். அக்கா படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள்.

"இதுவா முடிவு? ஆபரேஷனுக்கு அப்புறம் எத்தனையோ தடவை தீயுதோன்னு தோணியிருக்கு. கேட்டா இவர் முகம் செத்துப்போயிடும்னு வாயைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். அன்னைக்குத்தான் முதல் தடவையா வாய்விட்டுக் கேட்டேன். அதை எழுது."

எழுதிவிட்டேன்.

5

இன்னும் இரண்டு முடிவுகள் கைவசம் உள்ளன. ஒன்று, அவள் பழைய மேசைக்குத் திரும்புகிறாள். மற்றது, தீ மட்டுமே பிடிபடுகிறது, ரோஜா பிடிபடவில்லை, பெட்டியே மடிக்கிறாள். இரண்டையும் நன்றாகவே எழுதுவேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அடுத்த முறை அவள் கேட்கும்போது அத்தான் எங்கே ஓடுவார் என்பதற்கு இரண்டிலும் பதில் இல்லை.

அக்காவையே கேட்டேன்.

"அடுப்புக்குப் போனா, நான் விழுந்தா என்ன பண்ணுவாருன்னு கோபம் வரும். என்கிட்ட வந்தா, இன்னும் என்னை நம்பலயேன்னு கோபம் வரும்."

"அப்போ அவர் என்னதான் பண்ணணும்?"

"அதை ஏன் என்கிட்ட கேக்கற? நீதானே எழுதற?"

நான் எழுதப் போவதில்லை. அக்கா மறுபடி கேட்டுவிட்டாள். இடப்பக்கம் அடுப்படி, வலப்பக்கம் அவள். அத்தானை நகர்த்திவிட்டு அவர் இடத்தில் உங்களை நிறுத்துகிறேன். எந்தப் பக்கம் போவீர்கள்? யோசிக்க நேரமில்லை, அவள் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.