ஒரு பிளஸ்

தீவிர சிகிச்சைப் பிரிவில் மிச்சமிருந்தது ஒரே ஒரு கட்டில். மலேரியாக் காய்ச்சல் பரவிய நாளிலிருந்து பெரிய டாக்டர் வைத்த சட்டம் இது: ரத்தத்தில் கிருமி அதிகமாக இருந்தால் கட்டிலும் ஊசியும், குறைவாக இருந்தால் மாத்திரையும் வராந்தாவில் ஒரு பாயும். மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கிருமியின் அளவுக்கேற்ப ஒன்றிலிருந்து நாலு பிளஸ் வரை போடுவது லேப் அக்காவின் வேலை. அன்று அவள் பார்த்தது சொந்தத் தம்பியின் ரத்தம்.

தம்பி லாரி டிரைவர், வாய் ஓயாத ஆள். காலையிலிருந்து ஒரு கேள்விக்கும் நேரான பதில் வரவில்லை. கட்டிய பெண்டாட்டியையே யாரென்று கேட்டான்.

லேப் அக்கா துருவித் துருவிப் பார்த்தாள். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிஞ்சுக் கிருமிகள், அவ்வளவுதான். தம்பி மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணி, நாலு பிளஸ் போட்டுடுங்க. கட்டில் கிடைச்சிடும்.”

“இல்லாததை எப்படிம்மா போடுறது?”

“ஆளே ஒரு மாதிரியா இருக்காரு அண்ணி.”

“காய்ச்சல் வேகத்துல உளறுறான். தம்பிக்கு ஒரு நியாயம், ஊரானுக்கு ஒரு நியாயம்னு எங்கிட்ட கிடையாது.”

சொன்னபோது அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் வளையாதவள் என்று பெயர் எடுத்தவள் ஆயிற்றே. தம்பிக்கு ஒரு பிளஸ் போட்டாள்; வராந்தாவில் பாய் கிடைத்தது. கட்டில் நாலு பிளஸ் வாங்கிய கொத்தனாருக்குப் போனது. அவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் தம்பிக்கு வலிப்பு வந்தது. மறுபடி எடுத்த ரத்தத்தில் கண் வைத்த இடமெல்லாம் கிருமி.

இத்தனையும் எங்கே இருந்தன? அவளுக்குத் தெரியாததா? வளர்ந்த கிருமி ரத்தத்தோடு சுற்றினால் மண்ணீரலில் மாட்டிக்கொள்ளும். கெட்ட அணுக்களை வடிகட்டி ஒழிக்கிற இடம் அது. அதனால் அந்தக் கிருமி, தான் புகுந்த சிவப்பணுவை மூளையின் மெல்லிய ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டவைத்துக்கொண்டு, பிடிப்பாரில்லாமல் உள்ளேயே பெருகும். குழாய் அடைபட்டு ஆள் தடுமாறுவான். அது வெடித்து வெளியே பரவும்வரை விரல் நுனிச் சொட்டிலோ சில பிஞ்சுகள் மட்டும்தான் அகப்படும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவள், பாவி, தம்பி விஷயத்தில் மறந்தாள். பொய் எழுதவே வேண்டாம். “கிருமி கம்மிதான் டாக்டர், ஆனா ஆளுக்கு நிதானம் இல்லை” என்று எழுந்துபோய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தம்பிக்காகப் பேசினாள் என்று ஆகிவிடுமே என்று நாற்காலியை விட்டு அசையவில்லை.

விடிவதற்குள் அவன் போய்விட்டான்.

துக்கத்துக்கு வந்த நர்ஸம்மா லேப் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “சொந்தத் தம்பின்னுகூடப் பார்க்காம நேர்மையா இருந்தீங்க. யாருக்கு வரும் அந்த மனசு?”

சுவரோரம் உட்கார்ந்திருந்த தம்பி மனைவி தலையை நிமிர்த்தினாள். அழுது ஓய்ந்த குரல்.

“ஆமா. அவர்கிட்ட இருந்ததுக்கு மேல ஒரு பிளஸ்கூடப் போடல.”