நாற்பத்தேழாம் நம்பர் பச்சை அட்டை

அந்தப் பதிப்பகத்தில் அவருக்குச் சல்லடை என்று பெயர். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். உள்ளூர அதில் அவருக்குப் பெருமைதான். புரூஃப் பார்ப்பது வேலை. பத்தொன்பது வருடமாக அவர் கண்ணைத் தாண்டி ஒரு கால்புள்ளிகூடத் தப்பாக அச்சுக்குப் போனதில்லை. வருடத்துக்கு ஒருமுறை பதிப்பகம் நாவல் போட்டி நடத்தும். அதில் அவரும் ஒரு நடுவர். மூட்டை மூட்டையாக வருவதைச் சலித்து, கடைசியில் ஒன்றையோ இரண்டையோதான் கையில் மிச்சம் வைப்பார்.

போட்டியின் சட்டதிட்டமெல்லாம் முதலாளியின் மூளையில் உதித்தவை. எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு எண் போடுவார்கள். வகைக்கு ஒரு நிறத்தில் அட்டை. துப்பறியும் கதைக்குச் சிவப்பு, காதலுக்கு ரோஸ், பேய்க்குக் கறுப்பு, குடும்பக் கதைக்குப் பச்சை. மதிப்பெண் தாளில் கதைக்கு முப்பது, நடைக்கு முப்பது. மீதி நாற்பது அந்தந்த வகையின் சொந்தச் சரக்குக்கு. துப்பறிதல் என்றால் முடிச்சு, காதல் என்றால் ஏக்கம், பேய் என்றால் பயம், குடும்பம் என்றால் கண்ணீர். அந்த நாற்பதில் பாதி தேறாவிட்டால், மற்றதில் முழுசாக வாங்கியிருந்தாலும் நாவல் வெளியே. "மிளகாய்ப்பொடி வாங்க வர்றவன் காரம் இருக்கான்னுதான்யா பார்ப்பான்" என்பது முதலாளியின் கட்சி. வகைக்கு ஒன்று அச்சாகும். மற்றவை தபாலில் திரும்பிப் போய்விடும்.

சல்லடைக்குக் குடும்பமும் காதலும். சிவப்பையும் கறுப்பையும் பார்த்தவர் இன்னொரு நடுவரான பல் டாக்டர். பேய்க் கதை என்றாலே சல்லடைக்கு இளக்காரம். கதவு தானாகத் திறந்துகொள்வதற்கு ஒரு கதை எதற்கு, கீலுக்கு எண்ணெய் போட்டால் சரியாகிவிடுமே என்பார். பல் டாக்டரோ அதைத் தொழிலாகவே பார்த்தார். "நாள் முழுக்க வாயைப் பிளந்துக்கிட்டு என் நாற்காலியில உட்கார்றாங்க. பயத்தைப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்" என்பார். அதுவும் நியாயம்தான்.

அந்த வருடம் சல்லடை வீட்டுக்கு எடுத்துப் போன பிரதிகளில் நாற்பத்தேழாம் நம்பர் பச்சை அட்டை இருந்தது. ஒரு வீடு, அதில் ஒரு குடும்பத் தலைவி. அவள் பேசுவதை யாரும் காதில் வாங்குவதில்லை. காலையில் எல்லோரையும் எழுப்புகிறாள், யாரும் பதில் சொல்வதில்லை. கணவன் அவளுடைய மூக்குக் கண்ணாடியை எடுத்து அலமாரியில் போட்டுப் பூட்டுகிறான், அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகள் அவளுடைய சேலைகளைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுக்கிறாள். மேஜையில் நாலு தட்டு இருந்த இடத்தில் மூன்று. கடைசி அத்தியாயத்தில் அவர்கள் வேறு ஊருக்கு வீடு மாறுகிறார்கள். லாரியில் சாமான் ஏறுகிறது. அவள் வாசலில் நிற்கிறாள். வா என்று யாரும் கூப்பிடவில்லை. அவளை உள்ளே வைத்தே கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

படித்து முடித்தபோது சல்லடை சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்தொன்பது வருடத்தில் அவர் அழுதது அதுதான் முதல் தடவை. இப்படியும் ஒரு குடும்பமா, இப்படியும் கல்மனசா என்று மனசு ஆறவில்லை. எழுதிய கை யாருடையதோ, அதைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கண்ணீருக்கு நாற்பதுக்கு நாற்பது போட்டார். இந்த நாவல் புத்தகமாக வந்தே ஆக வேண்டும், தான் ஓய்வு பெறுவதற்குள் இப்படிப்பட்ட ஒன்றுக்காவது புரூஃப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார். அவர் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி பின்னால் துணி மடித்தபடி ஏதோ சொன்னாள்.

"ம்" என்றார்.

அது அவருடைய வழக்கமான 'ம்'. படிக்கும்போது மனைவி என்ன சொன்னாலும் அதற்கு அந்த 'ம்'தான். அரிசி தீர்ந்துபோச்சு என்றாலும் 'ம்', தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வரேன் என்றாலும் 'ம்'. ஒருமுறை, நம்ம வீட்டுக்கு யானை வந்திருக்கு என்று சொல்லிப் பார்த்தாள். அதற்கும் அதே 'ம்'.

வியாழக்கிழமை நடுவர் கூட்டம். முதலாளி அறையில் மின்விசிறி தாள்களைப் பறக்கடித்துக்கொண்டிருந்தது. சல்லடை எழுந்து நின்று நாற்பத்தேழைப் பற்றிப் பேசினார். உட்கார்ந்துகொண்டே பேசலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் அம்மாள் விரலை ஒரு வரியில் வைத்தவள், எடுக்காமலே நிமிர்ந்தாள்.

"சார், நாற்பத்தேழு குடும்பம் இல்ல. பேய்."

"என்னம்மா சொல்றீங்க?"

"இந்த வருஷம் பேய் ஜாஸ்தி சார். கறுப்பு அட்டை தீர்ந்துபோச்சு. கடைசியா வந்த ஒண்ணுக்குப் பச்சையைப் போட்டு, மேல பேய்னு ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தேன். எங்கயோ விழுந்திருக்கு."

பல் டாக்டர் கையெழுத்துப் பிரதியை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் சல்லடையைப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவரால் முடியவில்லை.

"இங்க பாருங்க. குளியலறையில வழுக்கி விழறா. எழுந்திருக்கிறா. வலி இல்ல. தரையோட ஈரம் கால்ல படல. வெளிய வந்தா வீடு முழுக்க ஜனம். அந்தம்மா முதல் பக்கத்துலயே செத்துப்போச்சே சார்!"

"விழுந்தா. எழுந்துட்டா. வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்கன்னு நினைச்சேன்" என்றார் சல்லடை. அவருடைய குரல் அவருக்கே கேட்கவில்லை.

"ஒற்று விட்டா கண்டுபிடிக்கிறீங்க. உயிர் விட்டது தெரியலையே" என்றார் முதலாளி. அறை முழுக்கச் சிரித்தது. டைப்பிஸ்ட் அம்மாள் மட்டும் பதிவேட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சல்லடைக்குக் காது மடல் வரை சூடேறியது. அவமானம் ஒரு பக்கம் கிடக்கட்டும். நாவலுக்கு இப்போது என்ன கதி என்பதுதான் அவருக்குக் கவலை.

முதலாளி சட்டத்தை எடுத்துப் போட்டார். எந்த வகையில் அனுப்பினார்களோ அந்த வகையில்தான் மதிப்பிட வேண்டும். பல் டாக்டர் படித்து மதிப்பெண் போடட்டும். பேய் வகையில் அவர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருப்பதன் மொத்தம் எண்பது. அதைத் தாண்டினால் அச்சு, இல்லையென்றால் தபால். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் முடிவு தெரிந்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சல்லடை பல் டாக்டரின் மருத்துவமனைக்கே போய்விட்டார். கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போக, பல் டாக்டர் கையைக் கழுவியபடியே சொன்னார்.

"கதைக்கு இருபத்தெட்டு. நடைக்கு இருபத்தெட்டு. நல்ல கைதான், இல்லைங்கல. ஆனா பயத்துக்குப் பன்னிரண்டுக்கு மேல எனக்கு மனசு வரல."

"படிச்சா நெஞ்சை அடைக்குதே, டாக்டர்."

"அடைக்குது. அது சோகம். சோகத்துக்கு என் தாள்ல கட்டம் கிடையாது. ஒரு நிழல் ஆடுச்சா? ஒரு பாத்திரம் உருண்டுச்சா? இது யாரையும் பயமுறுத்தாத பேய் சார்."

"இன்னொரு தடவை..."

"நீங்களே பயப்படலையே. பேய்னே தெரியாம முழுசாப் படிச்ச மனுஷன் நீங்க. நான் எதை வச்சுப் போடறது?" பல் டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, குரலைத் தணித்தார். "இதைப் படிச்சு யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர் பயந்தாங்கன்னு காட்டுங்க. நான் மறுபடி உட்கார்ந்து படிக்கிறேன்."

நாவல் பிரதியைத் திரும்ப வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சல்லடை வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். குழாய் ஒழுகுகிறது, ஆளை வரச் சொல்லியிருக்கிறேன் என்றாள். 'ம்' என்றுதான் வாய் திறந்தார். ஆனால் வந்தது வேறு. கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் முதல்முறையாக அலுவலக விஷயத்தை அவளிடம் சொன்னார்.

"ஒரு நாவலைக் கொன்னுட்டேன். நல்ல நாவல். அந்த நாற்பத்தேழு."

"எது, அந்தச் செத்துப்போனவ கதையா?"

சல்லடை கோப்பையைக் கீழே வைத்தார்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"நீங்க ஆபீஸ் போனப்புறம் எடுத்துப் படிச்சேன். என்னைக்குமே படிக்கிறதுதான். நீங்க மார்க் போட்டுக்கிட்டிருந்தப்ப, பாவம், செத்தது தெரியாமயே அந்த வீட்டுல சுத்திச் சுத்தி வர்றாளேன்னு சொன்னேனே. நீங்களும் ம்னு சொன்னீங்க."

அவள் மேஜையில் சிந்தியிருந்த தேநீரை முந்தானையால் துடைத்தாள்.

"உனக்கு..." அவருக்கு அதைக் கேட்கவே கஷ்டமாக இருந்தது. "படிக்கிறப்ப உனக்குப் பயமா இருந்துச்சா?"

அவள் எதிரில் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் படிக்கும் அறையில் அவள் உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை.

"பேய்ன்னு பயம் வரல. அன்னைக்கு முடிச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். நீங்க ஆபீஸ்லேர்ந்து வந்தீங்க. என்னங்கன்னு கூப்பிட்டேன். ம்னீங்க. அது நீங்க காத்தடிச்சாலும் சொல்றதுதான், அதை நம்பி என்ன பண்றது. மகனுக்கு போன் போட்டேன், எடுக்கல. சரின்னு கண்ணாடி முன்னால போய் நின்னேன். நான் தெரிஞ்சேன். ஆனா அந்தச் செத்தவளுக்கும் அவ தெரிஞ்சிருப்பாதானே? அப்பதான், நானும் செத்துப்போயிட்டேனோன்னு பயம் பிடிச்சுக்கிச்சு. எதிர்வீட்டுத் தையற்காரம்மாகிட்ட ஓடிப்போய், நூல்கண்டு இருக்கான்னு கேட்டேன். நூல் எனக்கு எதுக்கு? அவ தலையைத் தூக்கி, என்ன கலர் வேணும்க்கான்னா. அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சல்லடைக்குச் சிரிப்பு வரவில்லை. செத்துப்போனவளை உயிரோடு இருப்பவள் என்று ஏன் நினைத்தோம் என்று அவருக்கு இப்போது விளங்கியது. அந்த நாவலில் அவளுக்கு நடந்ததில் ஒன்றுகூட அவருக்கு விசித்திரமாகப் படவில்லை. எல்லாம் பழகிய வீடாகத்தான் இருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. வியாழக்கிழமை வந்த வெட்கத்தைவிட இது பெரிது.

"இதை எழுதிக்கட்டுமா?" என்றார்.

"எதை?"

"நீ இப்ப சொன்னதை. அப்படியே."

"எழுதிக்கங்க. என் பேரைப் போட்டுடாதீங்க, தையற்காரம்மா படிச்சா சிரிப்பா."

ஒரு தாளை எடுத்துக்கொண்டு எழுதினார். இரண்டு இடத்தில், திரும்பச் சொல்லு என்று கேட்டார். அவளுடைய பேச்சில் ஒரு எழுத்தைக்கூட அவர் திருத்தவில்லை. அந்தக் கைக்கு அது புதுசு.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முதலாளி அறையில் பல் டாக்டர் அந்தத் தாளைப் படித்தார். படித்துவிட்டு நாற்பத்தேழை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. தட்டு மூன்றாகும் இடத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு பிரதியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு அறைக்கு வெளியே போனார். கதவு பாதி திறந்திருந்ததால் அவர் பேசியது உள்ளே கேட்டது.

"ஒண்ணுமில்ல... இல்லம்மா, எதையும் மறந்து வச்சுட்டு வரல. சும்மாதான் கூப்பிட்டேன்... காலையில கிளம்பறப்ப ஏதோ சொன்னியே, என்ன அது?... நேரம் இருக்கு, நீ சொல்லு."

திரும்பி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், பயம் என்ற கட்டத்தில் பன்னிரண்டை அடித்துவிட்டு முப்பத்தாறு என்று எழுதினார். டைப்பிஸ்ட் அம்மாள் கூட்டிப் பார்த்து, தொண்ணூற்றிரண்டு என்றாள். நாற்பத்தேழு அச்சுக்குப் போகும். முதலாளி மேஜையில் கிடந்த தாளைத் தட்டி, "இந்த நடுவர் யாருய்யா, அடுத்த வருஷத்துக்கு வரச் சொல்லலாமா?" என்றார்.

"வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்றார் சல்லடை.

வீட்டுக்கு வந்தபோது அவள் வராந்தாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாவல் தேறிய செய்தியைக் கேட்டு, எனக்கு அப்பவே தெரியும் என்றாள். பிறகு குழாய்க்கு ஆள் வந்தது, வாஷர் மாற்றியது, அவன் ஸ்பேனரை விட்டுவிட்டுப் போனது, தங்கச்சி மகளுக்கு வேலை கிடைத்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். சல்லடை பையை இறக்கி வைத்தார். படிக்க வேண்டிய கட்டு அதில் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. எதிரில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாதியில் அவள் நிறுத்தினாள். மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு வந்து அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா? இவ்வளவு நேரமாப் பேசறேன், ஒரு 'ம்'மைக் காணோமே!"