நெவெனா வாசித்த மூன்று வரிகள்

நெவெனா ஸ்தாமெனோவாவுக்குப் பன்னிரண்டு வருஷம் பியானோ வாசித்தவன் நான். ரூசேயில் கப்பல் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகள் அவள். புர்காஸ் கடற்கரை மேடையில் அவள் பாடத் தொடங்கினால் ஐஸ்கிரீம் விற்பவர்கள்கூட வண்டியை அப்படியே விட்டுவிட்டு வந்து நிற்பார்கள். அவளுடைய தம்பி லூபன் எங்கள் குழுவில் டிரம்பெட் வாசித்தான்.

1983இல், கம்யூனிஸ்ட் ஆட்சி யாரையும் எளிதில் நாட்டை விட்டு வெளியே விடாத காலத்தில், கச்சேரிக்காக வியன்னா போனோம். திரும்பும் நாள் காலை எல்லோரும் பேருந்தில் ஏறிவிட்டோம். லூபன் மட்டும் வரவில்லை. அறையில் அவன் பெட்டியும் இல்லை. மியூனிக்கில் தங்கிவிட்டான் என்று பின்னால் தெரிந்தது.

அந்த வாரமே வானொலியில் அவள் பாட்டு நின்றது. கச்சேரிகள் ரத்தாயின. ஓர் அதிகாரி அவளை வரவழைத்து, தட்டச்சு செய்த காகிதம் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார். தம்பி துரோகி, அவனோடு தனக்கு இனி உறவில்லை என்று மூன்று வரி. அதை அவள் வானொலியில் வாசிக்க வேண்டும். முடியாது என்று எழுந்து வந்துவிட்டாள்.

ஒன்றரை வருஷம் ஊறுகாய் ஆலையில் சுட்ட குடைமிளகாய்க்குத் தோலுரித்தாள். விரல் நுனியெல்லாம் வெந்து சிவந்திருக்கும். "பாட்டுக்காரம்மா, ஒரு பாட்டு எடுத்து விடுங்க, தோல் தானா உரியட்டும்" என்று உடன் வேலை செய்த பெண்கள் சீண்டுவார்களாம். நெவெனாவின் பியானோக்காரன் என்பதால் என்னையும் யாரும் வேலைக்குச் சேர்க்கவில்லை. என் மனைவி அப்போது இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள்.

ஒருநாள் ஆலை வாசலில் நெவெனாவைப் பார்த்தேன். மியூனிக்கிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் மூலம் லூபன் செய்தி அனுப்பியிருக்கிறான் என்றேன்.

"என்ன சொன்னான்?"

"அவங்க கேக்கறதை அக்காவை வாசிச்சிடச் சொல்லு, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன், அவ பாடினாப் போதும்னு சொன்னானாம்."

அவள் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். மறுவாரம் வாசித்தாள்.

கச்சேரிகள் திரும்ப வந்தன. எனக்கும் சம்பளம் வந்தது. ரூசேயில் அவள் அம்மா வானொலிப் பெட்டியைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். மகள் போனால் கதவைத் திறப்பாள், சூப் ஊற்றி வைப்பாள், பேசமாட்டாள். கண்ணை மூடும்வரை பேசவில்லை. "லூபனுக்குத் தெரியும்ல, அது போதும் எனக்கு" என்பாள் நெவெனா. நான் தலையாட்டுவேன்.

ஆட்சி விழுந்து எல்லை திறந்ததும், 1990இல், தம்பியைத் தேடி மியூனிக் போனாள். மூன்றாம் நாளே திரும்பி நேராக ஒத்திகைக் கூடத்துக்கு வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

"கோஸ்தா, அவன் யார்கிட்டயும் எதுவும் சொல்லி அனுப்பலையாம். கதவுச் சங்கிலியைக்கூட எடுக்காம பேசினான்."

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"நான்தான் சொன்னேன், நெவெனா. நானா இட்டுக்கட்டிச் சொன்னது."

அவள் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா இருக்கறப்பவாவது சொல்லியிருக்கலாமே" என்றாள். அவ்வளவுதான்.

அதன்பின் அவள் மேடையேறவில்லை. ரூசேயில் அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டாள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு லூபனுக்கு இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. ஒருமுறை ரூசேக்குப் போய் மணியடித்தேன். ஜன்னல் திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை. இப்போது புர்காஸில் ஒரு விடுதியில் வாசிக்கிறேன். வயதானவர்கள் சிலர் அவளுடைய பாட்டை வாசிக்கச் சொல்வார்கள். வாசிக்கிறேன்.