விஜயகலா திருப்பிக் கொடுக்கப் போனாள்

விஜயகலாவைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கொடகவெலப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கீழ் லயத்து வீட்டு வரிசையிலிருந்து மேல் லயம் வரை எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: வாய் நீளம், கை சுத்தம். வாய் நீளத்தை அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். கை சுத்தத்தை மட்டும் மற்றவர் சொல்லுமுன் தானே சொல்லிவிடுவாள். கடைக்காரர் தவறி மிச்சக்காசு கூடக் கொடுத்துவிட்டால் மலையிறங்கிப் போய்த் திருப்பிக் கொடுப்பாள். கொடுத்ததை லயம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் சோறு தின்பாள்.

அப்படிப்பட்டவளைப் போய், ஓடுகிற பஸ்ஸில், அத்தனை சனத்துக்கு நடுவில், ஒரு டிக்கெட் செக்கர் 'ஹொரா' என்று சொல்லிவிட்டார். திருடி என்று அர்த்தம். சிங்களம் தெரியாதவளாக இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். விஜயகலாவுக்கோ சிங்களம் தண்ணிபட்ட பாடு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் பக்கத்து வீட்டுச் சுப்பம்மாவும் சாமான் வாங்கப் பெல்மதுளைக்குப் போவது வழக்கம். டிக்கெட்டுக்கு அவர்களுக்குள் ஒரு முறை உண்டு. ஒரு வாரம் இவள் இரண்டு பேருக்கும் எடுப்பாள், மறு வாரம் அவள். கல்யாணமாகி லயத்துக்கு வந்த காலத்திலிருந்தே இப்படித்தான். "எடுத்தியா?" என்று ஒருத்தி மற்றவளைக் கேட்பதே மரியாதைக் குறைவு. முறை இல்லாதவள் கண்டக்டரைப் பார்த்து மோவாயால் மற்றவளைக் காட்டினால் போதும், அவரும் நகர்ந்துவிடுவார்.

அன்றைக்குப் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. சுப்பம்மா முன் கதவால் ஏறினாள், விஜயகலா பின் கதவால் தொற்றிக்கொண்டாள். சுப்பம்மாவின் மகளுக்கு யட்டியாந்தோட்டையில் பிரசவம். தம்பியின் வேன் காத்து நின்றதால் காவத்தையிலேயே கையை ஆட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அடுத்த தரிப்பில் செக்கர் ஏறினார்.

டிக்கெட் எங்கே என்றார். அக்கா எடுத்தாள், அக்கா இறங்கிவிட்டாள் என்றாள் விஜயகலா.

"எல்லா ஹொராவுக்கும் எறங்கிப்போன அக்கா ஒருத்தி இருப்பா," என்றார் செக்கர் சிங்களத்தில். பஸ் சிரித்தது.

அபராதத்தை இப்போதே கட்டினால் விட்டுவிடுவதாகவும், இல்லையென்றால் வழக்குப் போடுவதாகவும் சொன்னார். விஜயகலாவின் கையில் பணம் இருந்தது. ஆனாலும் கட்டவில்லை. கட்டினால் திருடி என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமே! "போடுங்க கேஸ! கோட்டுல வந்து பேசிக்கிறேன்!" என்று அவர் மொழியிலேயே, அவர் சத்தத்தைவிடப் பெரிய சத்தத்தில் சொன்னாள். அவர் அவள் பெயரை எழுதிக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்குள் டிப்போவில் இன்ஸ்பெக்டரைப் பார்க்காவிட்டால் நீதிமன்றம்தான் என்று சொல்லி இறங்கினார்.

வீட்டில் புருஷன் பழனியாண்டி தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஏ புள்ள, போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டியே! கட்டித் தொலைச்சிட்டு வந்திருக்கலாம்ல?"

"திருடின்னு பேர் வாங்கிக்கிட்டு வந்து ஒங்களுக்கு நான் சோறாக்கிப் போட்டா, அது ஒங்களுக்கு எறங்குமாங்க?"

அவனுக்கு இறங்கும்தான். ஆனால் அதைச் சொல்கிற அளவுக்கு அவனுக்குத் துணிச்சல் கிடையாது. சுப்பம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால், அவளுடைய போன் பூட்டிய வீட்டுக்குள் சார்ஜரில் தொங்கிக்கொண்டு அலறியது. நல்ல மனுஷி!

வியாழக்கிழமை அரைநாள் வேலையோடு மலையிறங்கி, நல்ல சேலை கட்டிக்கொண்டு தனியாகவே டிப்போவுக்குப் போனாள் விஜயகலா. இன்ஸ்பெக்டர் ஜுனைதீன் நிதானமான மனிதர். செக்கரையும் அன்றைய கண்டக்டரையும் வரவழைத்து வைத்திருந்தார்.

"இரிங்கம்மா. என்ன நடந்தண்டு செல்லுங்க."

சொன்னாள். முறையைச் சொன்னாள், பிரசவத்தைச் சொன்னாள், கடைக்காரருக்குத் திருப்பிக் கொடுத்த காசுகளையும் ஒன்று விடாமல் சொன்னாள். கண்டக்டர் பொடியன் தலையைச் சொறிந்தான். அன்றைக்கு இருந்த கூட்டத்தில் யாருக்கு டிக்கெட் கொடுத்தான் என்று நினைவில்லை, ஆனால் இந்த அக்காமார் காசு கொடுக்காமல் போகிறவர்கள் இல்லை என்றான்.

ஜுனைதீன் பேனாவை மூடினார். "சரிம்மா, போங்க. தோட்டத்துல கஷ்டப்படுற சனம். மன்னிச்சி வுடுறோம்."

விஜயகலா எழுந்திருக்கவில்லை.

"மன்னிக்கிறதுக்கு நான் என்னங்க செஞ்சேன்? கஷ்டப்படுறோம்தான், ஆனா திருடித் திங்கல. ஒன்னு கேஸ் போடுங்க. இல்ல, இவரு சொன்ன வார்த்தைய இவரே திருப்பி எடுக்கச் சொல்லுங்க."

ஜுனைதீன் செக்கரைப் பார்த்தார். செக்கருக்கு ஐம்பது வயதிருக்கும், முன்மண்டை வழுக்கை. எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "சமாவென்ன அக்கே," என்று மன்னிப்புக் கேட்டார்.

அப்புறம் விஜயகலாவைப் பிடிக்க முடியுமா? திருவிழாச் சப்பறம் மாதிரி தோட்டத்துக்குத் திரும்பினாள். மறுநாள் கொழுந்து பறிக்கிற மலையில் நிரை நிரையாகக் கதை ஓடியது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் செக்கரின் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது. சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் அந்த மனிதர் கிட்டத்தட்ட அவள் காலிலேயே விழுந்துவிட்டார்.

சனிக்கிழமை சுப்பம்மா வந்து சேர்ந்தாள். பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு நேராக விஜயகலா வீட்டுக்குள் நுழைந்தவள், கதையைக் கேட்கக் கேட்க வாயைப் பிளந்தாள்.

"ஏய் கலா, அன்னைக்கி டிக்கெட்டு ஒன் மொறைல்ல?"

"என் மொறையா? அதுக்கு மொத வாரம் நான்தானக்கா குடுத்தேன்!"

"அந்த வாரம் பஸ்ஸே வரலியேடி. த்ரீவீலு ஆட்டோவுலல்ல போனோம்."

"அந்தக் காச யாரு குடுத்தா? நான்தான!"

"த்ரீவீலு மொறையில சேருமா? மொறை பஸ்ஸுக்குத்தானடி. கண்டக்டர் வந்தப்ப நான் பின்னால ஒன்னையக் காட்டினேன்..."

"நான் முன்னால ஒங்களக் காட்டுனேன்க்கா."

அன்றைக்கு யாருமே டிக்கெட் எடுக்கவில்லை.

பழனியாண்டி எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். "கேஸு முடிஞ்சிருச்சி. நம்ம மூனு பேரும் வாயத் தொறக்கலன்னா அந்த முருகனுக்கே தெரியாது. சுப்பம்மாக்கா, தேத்தண்ணியக் குடிங்க."

விஜயகலாவுக்கு முகம் எரிந்தது. டிக்கெட் காசு போகட்டும், அது மறதி. அந்த மனிதர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினாரே, அதுதான் அவளைக் குடைந்தது. தனக்குச் சேராத ஒன்றை அதட்டி வாங்கிக்கொண்டு வந்து, மலை முழுக்கக் காட்டிப் பீற்றியிருக்கிறாள். பஸ்ஸில் அவள் திருடி இல்லை. இப்போது வாயை மூடிக்கொண்டு இருந்தால்தான் திருடி. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"திங்கக்கெழமை வேலைக்கிப் போகல, பேர் வேணாம்," என்றாள். "டிப்போவுக்குப் போறேன்."

"பைத்தியமாடி ஒனக்கு? இப்ப போனா நெசமாவே கேஸு போடுவான்!" என்றான் பழனியாண்டி.

"போடட்டும்ங்க."

"நானும் வாறேன்," என்றாள் சுப்பம்மா. "பாதிக் குத்தம் என்னோடது."

திங்கட்கிழமை இரண்டு பேரையும் வாசலில் கண்டதும், இன்னும் என்ன வழக்கைக் கொண்டுவந்திருக்கிறாளோ என்று ஜுனைதீன் கொஞ்சம் பயந்துதான் போனார். மேசைக்கு அந்தப் பக்கம் செக்கரும் இருந்தார். விஜயகலா அவரைப் பார்த்தே பேசினாள், அவருக்குப் புரியட்டும் என்று சிங்களத்தில்.

"அன்னைக்கி நாங்க டிக்கெட் எடுக்கல. நான் இவங்க எடுத்தாங்கன்னு நெனச்சேன், இவங்க நான் எடுத்தேன்னு நெனச்சாங்க. நீங்க என்கிட்ட சமா கேட்டீங்க. அத நான் வச்சிக்கிற மொறையில்ல. திருப்பிக் குடுக்க வந்தேன்."

ஜுனைதீன் பெருமூச்சு விட்டார். "ஏம்மா, அது முடிஞ்ச வெசயமே. இப்ப நீங்களே வாயால செல்லிட்டீங்க, நான் எழுதத்தான் வேணும். அபராதம், இல்லாட்டி கோட்டு."

"எழுதுங்க சேர். டிக்கெட் இல்லாம வந்தோம்னு எழுதுங்க, அது நடந்தது. அபராதத்தையும் கட்டுறோம். திருட வந்தோம்னு மட்டும் எழுதாதீங்க, அது நடக்கல."

அவர் எழுதினார். இரண்டு பேரும் பணத்தைக் கட்டினார்கள். கையெழுத்துப் போடும்போது விஜயகலா தன் முழுப் பெயரையும் தமிழில் பெரிதாக எழுதினாள். செக்கர் எழுந்தார்.

"அக்கே, நான் டிக்கெட்டுக்காக சமா கேக்கல. அந்த வார்த்தைக்காகக் கேட்டேன். அது ஒங்களோடது. நான் திருப்பி வாங்க மாட்டேன்."

விஜயகலா கும்பிட்டாள். அவரும் கும்பிட்டார்.

வெளியே வந்து ரோட்டைக் கடக்கும்போது சுப்பம்மா அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"ஏய் கலா, மலையில பொம்பளைங்க கேட்டா என்னடி சொல்றது? போன வாரந்தான் அந்தாள ஒன் கால்ல விழ வச்சிருக்க."

"நடந்தத அப்பிடியே சொல்லுங்கக்கா. அவரு கால்ல விழல, நின்னுதான் கேட்டாரு. கலா டிக்கெட் எடுக்காமத்தான் போனா, அப்புறம் தானே போயி அபராதம் கட்டிட்டு வந்தான்னு சொல்லுங்க." முந்தானையை உதறிச் சரிசெய்துகொண்டாள். "நல்லா சத்தமாவே சொல்லுங்க."