கரடி மாமா

ஓமானில், சோஹார் மலையடிவாரத்தில் ஒரு கல்குவாரி கேம்ப். அங்கே அந்தக் கதையை முதலில் கொண்டுவந்தவர் தண்ணீர் லாரி ஓட்டும் மூசா பாய்.

"ஒடம்பு பூரா முடிப்பா. ரெண்டு கால்ல நிக்கிது. என்னயப் பாத்துட்டு பாறைக்குப் பின்னால போயிருச்சு."

மெஸ்ஸே விழுந்து விழுந்து சிரித்தது. கார்மேகத்துக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. பாய் பார்த்தது அவன் தம்பி மணிமாறனை. வேலை செய்த கம்பெனியில் அடி தாங்காமல் ஓடிவந்தவன், பாஸ்போர்ட் கஃபீல் என்கிற அரபு முதலாளியிடம். ஓடிவந்தவர்கள் ஊர் திரும்ப அரசு பொது மன்னிப்பு அறிவிக்கும்வரை மலைக்குகையில் ஒளிந்து கிடந்தான். முடி வெட்ட அங்கே ஏது வழி? வெள்ளிக்கிழமைதோறும் அண்ணன்தான் யாருக்கும் தெரியாமல் ரொட்டியும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுப்பான். மேலே இருப்பது மனுசன் என்று தெரிந்தால் போலீஸ் வந்துவிடும்.

"நானும் பாத்தேன் பாய். பனமர உசரம்!" என்று கார்மேகம் அள்ளிவிட்டான்.

அதோடு நிறுத்தினானா பாவி? அது டீசல் குடித்தது, ஆட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனது, அதற்குப் பாதம் பின்பக்கம் திரும்பியிருந்தது என்று தினம் ஒன்று. கேம்ப் அதற்குக் கரடி மாமா என்று பெயர் வைத்தது. டியூட்டி முடிந்து வந்ததும், "மாமா இன்னைக்கு என்ன செஞ்சாருண்ணே?" என்று கூட வேலை பார்க்கும் சோலையப்பன் ஆரம்பிப்பான்.

எல்லாரும் சிரிக்க, மூசா பாய் மட்டும் நிஜமாகவே பயந்துபோனார். வேலை நின்றுபோன மேல்குவாரியில், ஆடுகள் குடிக்கட்டும் என்று ஒரு டிரம்மை அவர்தான் நிரப்பிவந்தார். மணிமாறனும் அதைத்தான் குடித்துவந்தான். பாய் அந்தப் பாதையையே விட்டுவிட்டார். வெட்கம், யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கார்மேகம் போனபோது டிரம் காய்ந்து கிடந்தது. அதன் விளிம்பைப் பிடித்தபடி தம்பி சரிந்திருந்தான். கீழே இறங்கி வந்திருக்கலாம். வந்தால் அண்ணன் வேலையும் போய்விடும் என்று நினைத்தானோ என்னவோ. கார்மேகம் முடியை விலக்கி முகத்தைத் தேடினான். திட்டினான், உலுக்கினான். வாயில் ஊற்றிய தண்ணீர் தாடி வழியாக மண்ணில் இறங்கியது. தனியாகத் தூக்க முடியவில்லை. கேம்புக்கு ஓடினான்.

அவன் மூச்சிரைக்க மெஸ்ஸுக்குள் நுழைந்ததுமே சோலையப்பன் தட்டைத் தள்ளிவைத்தான். "என்னண்ணே, மாமா தொரத்துறாரா?"

"அது என் தம்பிடா," என்றான் கார்மேகம். "செத்துக் கெடக்குறான். தூக்க வாங்கடா."

சோலையப்பன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். மெஸ் முழுக்கச் சிரித்தது.

"பாருங்கடா, அண்ணன் கண்ணுல தண்ணியே வந்துருச்சு!"