விழுந்துகொண்டே மிதப்பவர்கள்

ஓடுகிற அச்சு இயந்திரத்தை நிறுத்தச் சொன்னால் மெஷின்காரருக்கு மூக்கின் மேல் கோபம் வரும். அதிலும் சொல்வது புரூஃப் பார்க்கிற பெண் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு புள்ளி நகர்ந்தாலே குடி முழுகிப்போன மாதிரி சிவப்புப் பேனாவோடு வந்து நிற்பவள் அவள்.

அன்று மை காயாத தாளோடு வந்தாள். “அண்ணா, மெஷினை நிறுத்துங்க. நாப்பத்தேழாம் பக்கம் தப்பு.”

பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் புத்தகம் அது. ‘விண்வெளியில் ஈர்ப்பு விசை இல்லாததால் வீரர்கள் மிதக்கிறார்கள்’ என்றிருந்தது.

“இதுல என்னம்மா தப்பு? ஊர் உலகத்துக்கே தெரிஞ்சதுதானே?”

“ஊர் உலகமே தப்பாத் தெரிஞ்சு வச்சிருக்கு அண்ணா.”

முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினார். சத்தம் கேட்டால் முதலாளிக்குத் தூக்கம் வரும். நின்றால் ஓடி வருவார். வந்தார். அவளுடைய ஆறு மாதச் சோதனைக் காலம் அன்றோடு முடிகிறது. வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அவர் மேசையில்தான் இருக்கிறது. அது தெரிந்தும் இப்படி வந்து நிற்கிறாளே என்று மெஷின்காரருக்குப் பாவமாகக்கூட இருந்தது.

“ஈர்ப்பு இருந்தா எப்படிம்மா மிதப்பாங்க?” என்றார் முதலாளி.

“அவங்க சுத்துற உயரத்துல, இங்க இருக்கிற ஈர்ப்புல பத்துல ஒம்பது பங்கு இருக்கு சார். அவங்க விழுந்துகிட்டே இருக்காங்க. விண்கப்பலும் கூடவே விழுது. அதனாலதான் மிதக்கிற மாதிரி இருக்கு.”

“அப்ப தரையில மோத வேணாமா?”

“பக்கவாட்டுல அவ்வளவு வேகமாப் போறாங்க சார். அவங்க விழ விழ, பூமியும் வளைஞ்சு விலகிட்டே போகுது.”

காதில் பூ சுற்றாதே என்கிற மாதிரி பார்த்தார் முதலாளி. அவள் அசரவில்லை. மெஷின்காரரின் தண்ணீர் பாட்டிலை எடுத்து, அடிப்பக்கம் ஊசியால் ஓட்டை போட்டு, மூடியைக் கழற்றினாள். தண்ணீர் பீய்ச்சியது.

“அண்ணா, தாளெல்லாம் நனைஞ்சிடும், வாசலுக்கு வாங்க. ஏணியில ஏறி இதை விட்டுடுங்க.”

ஏறி, கையை எடுத்தார். பாட்டில் விழுந்தது. விழுந்த அந்த ஒரு நொடியில் ஓட்டையிலிருந்து ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. தரையில் மோதிய பிறகுதான் முதலாளியின் கால்சட்டை நனைந்தது.

“தண்ணி பிடிச்சு இன்னொரு தடவை விடுய்யா,” என்றார் அவரே. மறுபடியும் அப்படியே.

“ஈர்ப்பு போனதால தண்ணி நின்னுச்சுன்னா, பாட்டில் எப்படி சார் கீழ வந்துச்சு?”

ஏணி மேல் நின்றிருந்த மெஷின்காரருக்குப் புல்லரித்தது. இந்த வரியை எத்தனை புத்தகத்தில் அடித்துத் தள்ளியிருப்பார்!

முதலாளி தொண்டையைச் செருமினார். “சரி. இந்தப் பக்கத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது யாரு?”

“நான்தான் சார். அன்னிக்கு எனக்கும் தெரியாது. இன்னிக்கு வேற பாடம் பார்க்கும்போதுதான் தெரிஞ்சுது.”

“வாயை மூடிட்டு இருந்திருக்கலாமேம்மா,” என்று மெஷின்காரர் பதறினார். “ஈ காக்காய்க்குக்கூடத் தெரிஞ்சிருக்காதே!”

“பரீட்சையில சரியா எழுதுற பிள்ளைக்குத் தப்புன்னு போட்டுடுவாங்க அண்ணா. அது யார்கிட்டப் போய் வாதாடும்? டீச்சர் கையில நம்ம புத்தகம்தானே இருக்கும்?”

“அடிச்ச தாள் அத்தனையும் குப்பை,” என்றார் முதலாளி. “வேற ஆளைத்தான் பார்க்கணும்போல.”

முதலாளியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத மெஷின்காரர் ஏணியிலிருந்து இறங்கினார். “பாருங்க சார். தப்புப் பண்ணா மறைக்கத் தெரிஞ்ச ஆளு நிறையக் கிடைப்பாங்க. இந்தப் பொண்ணு மாதிரி ஒருத்தர் கிடைக்க மாட்டாங்க.”

முதலாளி ஈரக் கால்சட்டையை உதறிக்கொண்டே நின்றார். பிறகு, “புது வரியை எழுதிக் குடு. சாயங்காலம் வந்து லெட்டரை வாங்கிக்கோ,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவள் தாள் கட்டின் மேல் உட்கார்ந்து எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். எழுந்து வந்து மெஷின்காரரிடம் நீட்டினாள். “நீங்களும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க அண்ணா. தப்பிருந்தா சொல்லுங்க.”

முப்பது வருடமாக அச்சடிக்கிறார். படித்துப் பார்க்கச் சொல்லி இதுவரை யாரும் அவரிடம் ஒரு தாளை நீட்டியதில்லை. கை மையைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தாளை வாங்கி, எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி மெதுவாகப் படித்தார்.