வலது புருவத்தில் ஒரு பிளாஸ்டர்

எந்நேரமும் ஒரு தடி நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, படப்பிடிப்பில் அவளுக்கு நோட்டக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கு முன் பதினான்கு வருடம் ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவள். நாற்பதை எட்டிப் பிடிக்கும் வயதில் சீரியல் எடுக்கப் போகிறேன் என்று கிளம்பினால் சொந்தபந்தம் சும்மா இருக்குமா? நடிக்கப் போகிறாள் என்று பாதிப் பேரும், புத்தி பேதலித்துவிட்டது என்று மீதிப் பேரும் பேசிக்கொண்டார்கள்.

அவள் போனது கன்டினியுட்டி வேலைக்கு. ஒரு காட்சியை இன்று பாதி, நாளை பாதி என்றுதான் எடுப்பார்கள். இன்று சட்டைக்கை மடித்திருந்தால் நாளையும் அதே மடிப்பு இருக்க வேண்டும். டம்ளரில் பாதித் தண்ணீர் இருந்தால் பாதியே இருக்க வேண்டும். அதையெல்லாம் பார்த்து எழுதி வைக்க ஒரு ஆள் வேண்டும். எழுதி வைப்பவர் ஒழுங்காகச் செய்தால் அப்படி ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. தப்பினால் ஊருக்கே தெரியும்.

இந்த வேலைக்கு அவளைத் தயார் செய்தது அவளுடைய மாமியார்தான். அந்த அம்மாள் சீரியல் பார்ப்பது கதைக்காக அல்ல, குற்றம் கண்டுபிடிப்பதற்காக. "இப்பத்தான் பச்சைத் தோடு போட்டிருந்தா, வாசலைத் தாண்டுறதுக்குள்ள சிவப்பாயிடுச்சா?" என்று ஆரம்பிப்பார். மருமகளும் சேர்ந்துகொள்வாள். "நீங்க ரெண்டு பேரும் டிவி பாக்குறீங்களா, கேஸ் விசாரிக்கிறீங்களா?" என்று கணவன் தலையில் அடித்துக்கொள்வான். ஒருநாள் நாற்பது தப்புகளைப் பட்டியல் போட்டு, விளையாட்டாக அந்த சீரியல் கம்பெனிக்கே அனுப்பிவிட்டாள். கன்டினியுட்டி பார்த்த பெண்ணே போன் செய்து, "ஏங்க, என்னை அழ வச்சுட்டீங்க. கூட வந்து வேலை பாக்குறீங்களா?" என்றாள்.

ஆறு மாதம் லீவு நாட்களில் எல்லாம் போய்க் கற்றுக்கொண்டாள். இப்போது அந்தப் பெண்ணுக்குப் பிரசவ நேரம். இயக்குநர் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற ஆள். "மூணு நாள் தனியா பாருங்க. ஒழுங்கா இருந்தா சீரியல் முடியற வரைக்கும் நீங்கதான்" என்று சொல்லிவிட்டார். பல் டாக்டரும் நல்ல மனிதர். "உங்க நாற்காலியைத் திங்கட்கிழமை வரைக்கும் காலியா வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாதும்மா" என்றார். அந்த நாற்காலிக்குத் திரும்பக் கூடாது என்று அவள் வேண்டாத தெய்வம் இல்லை.

முதல் நாள் குளியலறைக் காட்சி. அப்பாவாக நடிப்பவர் கால் தடுக்கி விழுந்து, மகள் வீட்டுக் கண்ணாடி முன் நின்று புருவத்துக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்கிறார். கேமரா அவர் முதுகுக்குப் பின்னால் இருந்து கண்ணாடியில் தெரியும் முகத்தை எடுத்தது. நோட்டக்கா மானிட்டரைப் பார்த்து, 'இடது புருவம், சாய்வாக' என்று அச்சடித்தாற்போல் எழுதினாள்.

இரண்டாம் நாள் காலை கூடத்தில் சண்டைக் காட்சி. அப்பாவும் மகளும் எதிரெதிரே நின்று ஏழு ஷாட். முதல் நாள் மேக்கப்காரர் வேறு வேலைக்குப் போய்விட்டதால் புதியவர் வந்திருந்தார். "எந்தப் பக்கம்க்கா?" என்று கேட்டார். நோட்டைப் பார்த்து, "இடது" என்றாள். எல்லாம் சரசரவென்று முடிந்தது. இயக்குநர்கூட ஒருமுறை சிரித்தார். நோட்டக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாப்பாட்டு வேளையில் காஸ்ட்யூம்காரம்மா எதிரில் வந்து உட்கார்ந்தார். வாய்க்குள் நாலு ஊக்கு இல்லாமல் அவரைப் பார்ப்பதே சாப்பிடும்போதுதான். "கன்னத்துல பருக்கை ஒட்டியிருக்கு பாரு" என்று தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். நோட்டக்கா துடைத்தாள்.

"அந்தப் பக்கம் இல்லடி. இந்தா, கண்ணாடியிலயே பாத்துக்கோ."

கையகலக் கண்ணாடியில் பருக்கை வலப்பக்கம் தெரிந்தது. வலது கை தானாகப் போய் வலது கன்னத்தைத் துடைத்தது. துடைத்த கை அங்கேயே நின்றுவிட்டது. 

பல் ஆஸ்பத்திரியில் முதல் நாளே டாக்டர் சொல்லிக் கொடுத்த பாடம் அது. எதிரே இருப்பவருடைய வலது நமக்கு இடது, நம்முடைய வலது அவருக்கு இடது. மாற்றி எழுதினால் நல்ல பல் போய்விடும். பதினான்கு வருடத்தில் ஒரு பல்கூட அவள் மாற்றி எழுதியதில்லை. எந்த முகத்தைப் பார்த்தாலும் மனசு தானாகவே பக்கத்தைத் திருப்பிப் போட்டுவிடும். கண்ணாடியில் தெரியும் முகத்துக்கு அந்தக் கணக்குச் செல்லாது. அங்கே வலப்பக்கம் தெரிவது வலதேதான்; அதைத்தான் அவள் பழக்கதோஷத்தில் இடது என்று திருப்பி எழுதிவிட்டாள்.

உதவி இயக்குநரின் லேப்டாப்பில் முதல் நாள் ஷாட்டைப் போட்டுப் பார்த்தாள். முதுகைக் காட்டி நிற்கும் அப்பா, வலது கையைத் தூக்கி வலது புருவத்தில்தான் ஒட்டிக்கொள்கிறார். குளியலறையில் வலது, கூடத்துக்கு வந்ததும் இடது. பிளாஸ்டர் நடந்து போயிருக்கிறது.

காஸ்ட்யூம்காரம்மா காதோடு காதாகச் சொன்னார்: "வாயை மூடிக்கிட்டு இரு. யாருக்குத் தெரியப்போகுது?"

யாருக்குத் தெரியும் என்று நோட்டக்காவுக்கு நன்றாகவே தெரியும். முகம் தெரிந்தது, மூக்குக்கண்ணாடி தெரிந்தது, சாய்வு நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து, "அடியே, புண்ணு புருவம் மாறிடுச்சு!" என்று கத்தப்போகிற குரலும் கேட்டது. அதைவிட, மாற்றி எழுதிவிட்டுப் பேசாமல் இருக்க அவளுக்குப் பழக்கமில்லை. பயமாக இருந்தது, அழுகை வந்தது. ஆனாலும் எழுந்து கை கழுவினாள்.

நேராகப் போய்விடவில்லை. கூடத்து வாசலில் நின்று நோட்டை முதல் பக்கத்திலிருந்து ஒரு தடவை புரட்டினாள். பிறகுதான் இயக்குநர் சாப்பிட்டுக்கொண்டிருந்த சமையலறைக்குப் போனாள்.

"சார், ஒரு தப்பு பண்ணிட்டேன். பிளாஸ்டர் வலது புருவத்துல இருக்கணும். நான் இடதுன்னு சொல்லிட்டேன்."

இயக்குநரின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவே நின்றது. "ஏழு ஷாட்டு! அப்பாவா நடிக்கிறவர் ரெண்டு மணிக்கு வேற படத்துக்குக் கிளம்புறார். வாடகைக்கு எடுத்த வீடு, சாயங்காலம் வீட்டுக்காரங்க வந்துடுவாங்க. எப்ப, எங்க எடுக்குறது? உங்க வீட்டுக்கு வந்தா?"

"எடுக்க வேணாம் சார். ஏழையும் இடவலமா திருப்பிப் போட்டுடலாம். எடிட்டிங்ல ஒரு பட்டனைத் தட்டுனா போதும்."

"அது எனக்குத் தெரியாதா? சுவத்துல கடிகாரத்து எண்ணெல்லாம் இடவலமா மாறிடுமே?"

"கடிகாரம் இல்ல சார். டிக் டிக்னு சத்தம் வருதுன்னு சவுண்ட்காரர் காலையிலயே கழட்ட வச்சுட்டார்."

"காலண்டர்?"

"அதே ஆணியில அதுவும் தொங்கிச்சு. சேத்துக் கழட்டிட்டாங்க."

"அப்பா சட்டைப் பாக்கெட்டு? பட்டன்?"

"உருண்டைக் கழுத்து பனியன் சார். பாக்கெட்டும் இல்ல, பட்டனும் இல்ல. வாட்ச் கட்டல. மகள் தலைவழியா மாட்டுற டாப்ஸ், நேர் வகிடு."

"காபிக் கப்பு எந்தக் கையில?"

"ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்காங்க. இந்தக் கூடத்துல இதுக்கு முன்னாடியும் காட்சி இல்ல, இனிமேலும் இல்ல. அதனால ரூம் திரும்பினாலும் யாருக்கும் தெரியாது."

இயக்குநர் தட்டைக் கீழே வைத்தார். "அப்ப எல்லாம் சரியா?"

"இல்ல சார். நாலாவது ஷாட்ல பேப்பர் விரிச்சிருக்கார், எழுத்து இடவலமா திரும்பிடும். அதை மட்டும் வெள்ளைச் சுவரை ஒட்டி, பிளாஸ்டரை வலப்பக்கம் மாத்தி எடுத்துடலாம். பத்து நிமிஷம் போதும்."

உதவி இயக்குநர் லேப்டாப்பில் திருப்பிக் காட்டினார். இயக்குநர் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தார். அப்பா நடிகரும் பல் குத்தும் குச்சியோடு வந்து எட்டிப் பார்த்தார். "அட, இந்தப் பக்கம்தான் நான் லட்சணமா இருக்கேன். எல்லாக் காட்சியையும் இப்படியே திருப்பிடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நோட்டக்கா மட்டும் இயக்குநர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேப்பர் ஷாட் எட்டே நிமிடத்தில் முடிந்தது. இயக்குநர் கிளம்பும்போது அவள் பக்கம் திரும்பினார். "நோட்டுல முதல் பக்கத்துல பெருசா எழுதுங்க. கண்ணாடின்னா ஜாக்கிரதை."

"சரி சார்."

"தப்பு பண்ணாத ஆளை நான் இதுவரைக்கும் பாக்கல. பிரேம்ல இல்லாததைக்கூடத் தெரிஞ்சு வச்சிருக்கிற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன். மூணாவது நாள் பரீட்சையெல்லாம் வேணாம். திங்கட்கிழமை புது லொகேஷன், ஏழு மணிக்கு இருக்கணும்."

வாசல் படியில் உட்கார்ந்து பல் டாக்டருக்குப் போன் செய்தாள். 

"டாக்டர், என் நாற்காலிக்கு வேற ஆள் பாத்துக்குங்க."

"ரொம்ப சந்தோஷம்மா. எல்லாம் நல்லபடியா போச்சா?"

"எங்க டாக்டர்! நல்ல பல்லைப் பிடுங்கிட்டேன். அப்புறம் யாருக்கும் தெரியாம திரும்ப நட்டுட்டேன்."

டாக்டர் சிரித்த சிரிப்பில் அந்தப் பக்கம் நாற்காலியில் படுத்திருந்தவர் பயந்துபோய், "என்ன சார் ஆச்சு?" என்று கேட்டது போனிலேயே கேட்டது.

மூன்று வாரம் கழித்து அந்தக் காட்சி ஒளிபரப்பானது. மாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு டிவிக்கு ஒரு முழம் தள்ளி நாற்காலியைப் போட்டார். நோட்டக்கா பின்னால் நின்றாள். அப்பா பிளாஸ்டர் ஒட்டினார், கூடத்துக்கு வந்தார், மகளோடு சண்டை போட்டார், பேப்பரை விசிறியடித்தார். மாமியார் கண் கொட்டவில்லை. காட்சி முடிந்ததும் அலுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"என்னத்தை எடுத்திருக்காங்க! ஒரு தப்பும் இல்ல. முன்னாடியாவது பாக்க ஒரு சுவாரஸ்யம் இருந்துச்சு. ஆமா, தப்பே இல்லாத இடத்துல உனக்கு என்னடி வேலை?"

நோட்டக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய், மாமியார் சொன்ன குறையை ஒரு சொல் விடாமல், தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள்.